நாளைக்கு வர்றேன் என்ற குரல்

மேடையில் இருக்கும் சுகாதாரப் பிரிவின் தலைவர் அவர்களே, நம் அறிவிப்பு அதிகாரி அம்மாவுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயா அவர்களே, அம்மாவின் தம்பியே, முன்வரிசைச் செவிலியர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் மேல்தெரு, கீழ்த்தெரு மக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் அறிவிப்பு வண்டியின் பழைய டிரைவர். அம்மா பக்கத்து இருக்கையில் மைக்கைப் பிடித்திருப்பார், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பேன். என் கையில் இருக்கும் இந்தத் தாளை நானே எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு என் மருமகளிடம்தான் எழுத்துக் கற்றேன். நேற்று 'சுகாதாரம்' என்று எழுதி முடித்ததும், எழுந்து வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அத்தனை சந்தோஷம்! இரங்கல் கூட்டத்தில் சந்தோஷம் என்று சொல்லலாமா? அம்மா இருந்திருந்தால், "உண்மைதானே டிரைவரண்ணே, தைரியமா சொல்லுங்க" என்றிருப்பார். அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எப்படிப்பட்டவர்? ஒரு நாளைச் சொன்னால் போதும்.

ஊரில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவிய காலம். ரயில்வே கேட்டுக்குக் கீழே இருக்கும் தெருக்களில் வீட்டுக்கு வீடு யாராவது படுத்திருந்தார்கள். "கீழே இருக்கிறவங்க தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிங்க. மேல்தெருவுக்கு வேற தொட்டி, அங்க பயமில்லை." அலுவலகத்தில் கொடுத்த செய்தி இது. அம்மா நம்பினார், மைக்கில் சொன்னார். மறுநாள் காலையில் மேல்தெருவில் ஒரு குழந்தை படுத்துவிட்டது. மண்ணுக்கடியில் எங்கோ இரண்டு குழாயும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அப்போது அது யாருக்கும் தெரியாது.

அன்றைய மேலதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் பயந்துவிட்டார். "மேடம், எல்லாரும் கொதிக்க வைங்கன்னு பொதுவா சொல்லிட்டு வந்துடுங்க. நேத்து சொன்னதை எதுக்குக் கிளறிக்கிட்டு? அப்புறம் எவனும் நம்ம பேச்சை நம்ப மாட்டான்" என்றார்.

அம்மா சத்தம் போடவில்லை. "நேத்து என் குரலைக் கேட்டுத்தான் சார் அந்த வீட்ல பச்சைத் தண்ணி குடுத்திருக்காங்க. அந்தக் குரலேதான் போய்த் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினார். "டிரைவரண்ணே, நேத்து எங்கெங்க நின்னோமோ, அங்கங்க நிறுத்துங்க. ஒரு முனையைக்கூட விட்டுடாதீங்க."

நிறுத்தினேன். ஒவ்வொரு முனையிலும் அம்மா சொன்னது இதுதான்: "நேத்து இங்க நின்னு நான் சொன்னது தப்பு. உங்க தண்ணியும் கெட்டிருக்கு. கொதிக்க வைங்க. எந்த இடத்துல கெடுதுன்னு இன்னும் எங்களுக்குத் தெரியல. தேடிக்கிட்டு இருக்கோம்."

மேல்தெரு முனையில் இஸ்திரிக் கடைக்காரர் வண்டியை மறித்தார். அதோ, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான்! "ஏம்மா, நேத்து ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே. நாளைக்கு என்னத்தைச் சொல்லப்போறே?"

"நாளைக்கு வர்றேன். வந்து சொல்றேன்" என்றார் அம்மா.

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடன்காரன் பேச்சு மாதிரி இருக்கிறதே என்றார் ஒருவர். அன்றைக்கே 'நாளைக்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவோ வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். "பேரு நல்லாத்தானே இருக்கு? காப்பாத்தினா போதும்."

காப்பாற்றினார்! மறுநாள் அதே நேரத்துக்கு அதே முனையில் நின்றோம். சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. அதையும் மைக்கில் சொன்னார்: "இன்னைக்குப் புதுசா ஒண்ணும் தெரியல. கொதிக்க வைக்கிறதை விட்டுடாதீங்க. நாளைக்கு வர்றேன்." சேதி இல்லாத நாளிலும் வந்தவர் அவர். மழையிலும் வந்தார். தொண்டை கட்டிப்போன நாளிலும், வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பேசினார். சேதி இல்லை என்று சொல்வதற்காகவும் ஒருவர் வண்டியேறி வருவாரா? வந்தாரே!

மேல்தெருக் குழந்தை பிழைத்து எழுந்தது. குழாயையும் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். தண்ணீரில் மருந்து கலக்கத் தொடங்கியதும் போனில் ஒரு புரளி ஓடியது: அந்தத் தண்ணீரைக் குடித்தால் கண்பார்வை போய்விடுமாம். முனையில் கூட்டம், கூச்சல். அப்போது இஸ்திரிக் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "போனை மூடுங்கய்யா. சாயங்காலம் நாளைக்காரம்மா வரும். அது வாயால சொல்லட்டும், அப்புறம் பயப்படலாம்." கூட்டம் கலைந்தது. கேலி செய்த தெருவே காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அம்மாவைப் படுக்கையில் பார்த்தேன். தொண்டையில் வந்த நோய் அந்தக் குரலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். முன்பெல்லாம் கடைப் பலகைகளை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவார். இப்போது நான் அவர் எழுதியதை உரக்கப் படித்தேன். முதல் வரியைப் படித்து முடித்ததும் அம்மா சத்தமில்லாமல் கைதட்டினார். கண்ணெல்லாம் சிரிப்பு!

நோய் முற்றிவிட்டதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாசம்தானே, தப்பில்லை. ஆனால் அம்மாவிடமா மறைப்பது? டாக்டர் வந்ததும் அம்மா சிலேட்டை என் பக்கம் திருப்பினார். எழுத்து எழுத்தாகப் படித்தேன்: "தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மறுபடி எப்போது வருவீர்கள்?"

டாக்டர் ஐயா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். இன்னும் எத்தனை நாள் என்பது தனக்கும் தெரியாது என்றார். "நாளைக்குக் காலையில வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். அவருக்கு நான் கைகூப்புகிறேன். அன்று முதல் அம்மா நிம்மதியாகத் தூங்கினார் என்று தம்பியே என்னிடம் சொன்னார்.

இப்போது தாளில் இல்லாத ஒன்றை, என் மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தெருவில் மறுபடியும் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. அம்மாவின் பழைய குரல் பதிவு ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, நாளையிலிருந்து வண்டியில் அதையே ஒலிக்க வைத்து அம்மாவுக்கு மரியாதை செய்வோம் என்று சற்று முன்பு அறிவித்தீர்கள். எல்லோரும் கைதட்டினீர்கள். என் கையும் எழுந்தது.

அந்தக் குரல் எனக்கு வேண்டாமா? அந்தப் பக்கத்து இருக்கையை நான் எத்தனை தரம் திரும்பிப் பார்த்திருப்பேன்! தெருவில் எங்காவது மைக் கரகரத்தால் இன்றைக்கும் என் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. "டிரைவரண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், இந்தக் கிழவனுக்கு வேறு ஆசை இல்லை. அந்தக் குரலுக்காக ஏங்குகிறவன்தான் சொல்கிறேன். வண்டியில் அதைப் போடாதீர்கள்.

அந்தப் பதிவு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். "நாளைக்கு வர்றேன்" என்றுதான் முடியும். அம்மா நாளைக்கு வர மாட்டாரே! வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாத அந்தக் குரலைச் செத்த பிறகு நாம் பொய் சொல்ல வைக்கலாமா? இஸ்திரிக் கடைக்காரர் வண்டியை மறித்துக் கேள்வி கேட்டால் பதிவு இறங்கி வந்து பதில் சொல்லுமா? நேற்றுச் சொன்னது தப்பென்று அது திருத்துமா?

அம்மாவின் வேலைக்கு வந்திருக்கும் புது அதிகாரி இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "எனக்குக் குரல் நடுங்குதுங்க பெரியவரே, அம்மா மாதிரி வராது" என்று என்னிடம் சொன்னார். நடுங்கட்டும் தாயி! அம்மாவுக்கும் அந்த மேல்தெரு முனையில் நடுங்கியது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரியும். தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். மறுபடி எப்போது வருவாய் என்று சொல், சொன்னபடி போய் நில்.

என் கண்பார்வைக்கு இனி வண்டி ஓட்ட விடமாட்டார்கள். பரவாயில்லை, பின்னிருக்கையில் ஏறிக்கொள்கிறேன். எந்தெந்த முனையில் நிறுத்த வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்வேன். ஒரு முனையையும் விடமாட்டோம். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு. தலைவர் அவர்களே, அந்தப் பதிவை மட்டும் இந்தக் கிழவனிடம் கொடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் கேட்டுக்கொள்கிறேன்.

தாளில் இன்னும் ஒரு வரிதான் இருக்கிறது. அதை அம்மாவின் படத்தைப் பார்த்துப் படிக்கிறேன்.

அம்மா, சாயங்காலம் அதே நேரம், அதே முனை. நாளைக்கு நாங்க வர்றோம்.