கறுக்காத கொலுசு

பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு ஆலைத் தொழிலாளி. அவர் அருகில் அமர்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் சேலையைச் சற்றே தூக்கிக் கொலுசைக் காட்டினாள்.

“பாரு அண்ணாத்தே, வெள்ளையாவே கீது. முன்னெல்லாம் உங்க கம்பெனி புகைல கறுத்துப் பூடும். எங்கம்மா டூப்ளிகேட் வெள்ளி போட்டுட்டாங்கன்னு மாமியார் ஒரே பேச்சு. இப்ப இன்னா பண்ணீங்க?”

“புகை போற வழில கேட்டலிஸ்ட்டுனு குண்டு குண்டா கொட்டிக்கீறோம். புகை அது மேல பட்டுச்சுன்னா, வெள்ளியக் கறுக்க வெக்கிற கந்தகம் மாறி, ஆசிட்டா எறங்கிடும்மா.”

“அந்தக் குண்டு கரைஞ்சிடாதா?”

“அது மாறாது. மத்தத மாத்தும்.”

“நீ நல்லா இருக்கணும் அண்ணாத்தே. ‘உங்கம்மா நல்ல வெள்ளிதான் போட்டுக்கீறாங்க’ன்னு நேத்து மாமியாரே சொல்லிச்சு. அதயே மாத்திடுச்சே உன் குண்டு!”