தாய்ப்பாலுக்குப் போட்ட தடை

அட, உக்காருங்க தம்பி, நின்னுக்கிட்டே பேசினா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு. நான் சண்டை போடக் கூப்பிடல. பிரசவ வார்டுல இருபது வருஷமா சத்தம் கேட்டுக் கேட்டு, எனக்கே சத்தம் போடத் தெம்பில்ல.

இல்ல இல்ல, நெட்டு நல்லாத்தான் வருது. கண்டதையும் தடுக்கன்னு நெட்டுல நீங்க போட்டீங்களே அந்த வடிகட்டி, அதப் பத்தித்தான். கொஞ்சம் ஓவரா வடிகட்டுது. மேல் மாடி டாக்டர் மார்புச் சளின்னு தேடியிருக்கார். திரை முழுக்கச் சிவப்பு, ஆபாசம்னு போட்டு வந்துருச்சாம். பாவம் மனுஷன், யாராவது பாத்துட்டாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்தாராம்! உங்க மெஷினுக்கு மார்புன்னா ஒரே ஒரு அர்த்தந்தான் தெரியும்போல. அதச் சொல்லிக் குத்தமில்ல, வயசு அப்படி.

சிரிக்கிறீங்க, சிரிங்க. ஆனா நம்ம வாட்ச்மேன் மத்தியானம் பூரா இதே நெட்டுல பணம் வச்சுச் சீட்டாடுறாரு, அது மட்டும் ஜம்முனு ஓடுது.

ஓ, அந்தச் சீட்டாட்ட சைட்டு வேற பேர்ல வருதா? அப்ப வார்த்தையப் பாத்து, பேரப் பாத்துத்தான் நிறுத்துது, எதுக்குத் தேடுறாங்கன்னு அதுக்குத் தெரியாது. அப்படித்தானே? நல்ல வாசக்காவல் போங்க!

வேணாம்னு நான் சொல்லவே இல்லையே. காத்திருக்கிற எடத்துல ஒரு ஆளு கண்ட வீடியோவையும் சத்தமா வச்சுப் பாத்துட்டு இருந்தான். பக்கத்துல சின்னப் பிள்ளைங்க. வடிகட்டி போடுங்கன்னு முதல்ல கேட்டதே நான்தான். இப்பவும் வேணும்னுதான் சொல்றேன்.

என்னது, தடுத்துட்டா ஒரு போன் போட்டுச் சொல்லணுமா? உடனே தெறந்துவிடுவீங்களா? பெரிய டாக்டரும் மீட்டிங்ல இதையேதான் சொன்னார். அதுக்கு நம்ம லேடி டாக்டர், வாயத் தெறந்து கேக்கக் கூச்சப்பட்டுத்தானே சார் ஜனங்க நெட்டுல தேடுறாங்கன்னாங்க. அப்படிக் கூச்சப்படுறவங்க போன் போட்டு அனுமதி கேப்பாங்களான்னாங்க. ரெண்டு பேரும் பேசிப் பேசி டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

எனக்கும் அந்த வாதமெல்லாம் அன்னிக்குப் பெருசாப் படல. அதுக்கப்புறந்தான் இங்க ஒரு பொண்ணு, தலைப்பிரசவம். குழந்தை மார்புல வாய வைக்கும், உடனே விட்டுட்டு வீல்னு கத்தும். அன்னிக்குன்னு பாத்து வார்டே நெறஞ்சு கெடக்கு, எங்களக் கூப்பிட அவளுக்குத் தயக்கம். கட்டில் பக்கத்துல நாம மாட்டி வச்சிருக்கோமே டேப்லெட், அதுல குழந்தையை மார்புல எப்படிப் பிடிக்கணும்னு தேடியிருக்கா. அதே சிவப்பு. கீழ வேற ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, இந்தத் தேடல் உங்கள் பெயருடன் பதிவு செய்யப்பட்டதுன்னு. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி! யாரு தம்பி உங்களுக்கு எழுதிக் குடுத்தது?

நீங்களேதானா. சரிதான்.

அவ்வளவுதான், அவ டேப்லெட்டச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சுட்டா. யாரையும் ஒண்ணும் கேக்கல. பாக்க வந்தவங்ககிட்டயெல்லாம் பால் நல்லாக் குடிக்குதுன்னு சொல்லியிருக்கா. இன்னிக்குக் காலையில எடை பாத்தா குழந்தை ரொம்ப எறங்கியிருக்கு, உதடெல்லாம் காஞ்சு போயிருக்கு.

பதறாதீங்க, இப்ப நல்லாருக்கு. பக்கத்துல உக்காந்து ரெண்டு தடவை பிடிச்சுக் காட்டினேன், கப்புனு பிடிச்சுக்கிச்சு. குழந்தை கெட்டிக்காரி. அம்மாதான் அழுகையை நிறுத்தல. என்னம்மான்னு கேட்டா, நான் தப்பாத் தேடினேன்னு அவர் நெனச்சிருவாரே சிஸ்டர்ங்கறா. எவரும்மான்னேன். வீட்டுக்காரராம். அவருக்கு எப்படிம்மா தெரியப் போவுதுன்னேன்.

அந்தப் பதிவையெல்லாம் உக்காந்து படிக்கிறவரே அவர்தானே சிஸ்டர்னா.

அட, எங்க எழுந்துட்டீங்க? மெதுவாப் போங்க தம்பி, உங்க பொண்ணு இப்பத்தான் வயிறு நெறஞ்சு தூங்குது.