பூங்காவனத்தின் இடது முன்னங்கால்

இந்தப் பெண் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை இரண்டு முறை திறந்து, குடிக்காமலே மூடினாள். வீட்டிலிருந்து நாலு இட்லி கொண்டுவரட்டுமா என்று வாய்வரை வந்துவிட்டது. விசாரிக்க வந்தவரிடம் அப்படிக் கேட்கலாமோ கூடாதோ என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அவர் பெயர் செல்வகுமாரி, வனத்துறை அதிகாரி. உறுவையாறு கிராமத்தில் எங்கள் முதலாளியின் தென்னந்தோப்பில், மோட்டார் கொட்டகைக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வெளியே லாரி நின்றது. அதன் பக்கத்தில் பூங்காவனம், இடது முன்னங்காலை ஊன்றாமல் மூன்று காலில் நின்றாள். பூங்காவனம் முதலாளியின் யானை. என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு அவளுக்குப் பாகன்.

"ருக்குமணிம்மா, யாரையும் காப்பாத்தணும்னு பேசாதீங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன் மேடம். இதுல மறைக்க இன்னா இருக்குது?" என்றேன். எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.

பதினோரு வருடம் பூங்காவனத்தோடு நடந்திருக்கிறேன். கல்யாணமோ, கடைத் திறப்போ, கட்சி ஊர்வலமோ, முதலாளி போன் செய்தால் கிளம்பவேண்டும். வில்லியனூர், மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி டவுனுக்கு. என் வீட்டுக்காரர் யானைமேல் உட்கார்ந்திருப்பார். நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். யானை போனால் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் போகிறவளை யார் பார்க்கப்போகிறார்கள்? அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

சித்திரை மாதம் பன்னிரண்டு மணிக்குத் தார் ரோட்டில் செருப்பே ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு வெறுங்கால். சிக்னலில் நிற்கும்போது ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்குவாள். யானை டான்ஸ் ஆடுகிறது என்று ஜனங்கள் வீடியோ எடுப்பார்கள். நான் கேன் தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றுவேன். மூலக்குளத்தில் டயர் கடை வைத்திருப்பவர் எங்களைக் கண்டால் விடமாட்டார். "இன்னா ருக்கு, உம் பொண்ணுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடேன். என்னாண்ட பழைய லாரி டயர் கீது, நாலு துண்டா அறுத்துத் தரட்டா?" என்பார். சிரித்துக்கொண்டே போவோம். டவுன் இன்னும் தூரத்தில் இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ரெட்டியார்பாளையத்தில் ரோடு போட ஜல்லி கொட்டியிருந்தார்கள். அன்று வீடு திரும்பும்போது அவள் நொண்டினாள். பாதத்தில் பழைய வெடிப்பு ஒன்று உண்டு. அதற்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில்லு சொருகிக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் ஆன்டனி வந்து எடுத்துவிட்டு, நாற்பது நாள் நடக்கவிடக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலாளி முனகினார். ஆனாலும் டாக்டர் சீட்டை மீற முடியவில்லை.

அந்த நாற்பது நாளை நான் எப்படிச் சொல்வேன். அவள் தென்னை நிழலில் நின்றாள். மத்தியானத்தில் படுத்துத் தூங்கினாள். அதற்குமுன் பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. காலையிலும் சாயங்காலமும் ஊதா மருந்து கரைத்த தண்ணீரில் காலை ஊறவைத்து, வேப்பெண்ணெய் தடவிக் கட்டுப்போடுவேன். "காலைக் குடு தாயி" என்று சொன்னால் போதும், தானாகத் தூக்கிக் கொடுப்பாள். என் வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்கமாட்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருஷம் காலேஜ்ல ஒக்காந்தது சொம்மா பூடுச்சே. உனுக்குக் குடுக்க வேண்டிய டிகிரிய எனுக்குக் குடுத்துட்டாங்க ருக்குமணி" என்றார்.

நாற்பத்தோராம் நாள் டவுனில் ஒரு நகைக்கடைத் திறப்பு. நடந்தோம்.

இரண்டாவது முறை ஜல்லி குத்தியபோது முதலில் பார்த்தது நான்தான். எடுக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன். ஒரு வாரத்தில் வீங்கியது. டாக்டர் வந்தார், சீட்டு எழுதினார், அவள் நிழலில் படுத்துத் தூங்கினாள். நீங்களே யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் வலி, அதற்குப் பதிலாக ஒன்றரை மாதம் ஓய்வு. அவளுக்கு வாய் இருந்து யாராவது கேட்டிருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு, ரோடு குத்தட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது. எங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்கள் வாசலில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. ஓரம் கூராக இருந்த ஒன்றைப் பொறுக்கி வந்தேன். வெந்நீரில் போட்டு எடுத்துக் கழுவித்தான் வைத்தேன். அழுக்கு உள்ளே போகக் கூடாதல்லவா.

செல்வகுமாரியின் பேனா நின்றது.

"நீங்களேவா வெச்சீங்க?"

"ஆமா மேடம்."

"அது ஒண்ணும் பண்ணலயா? கத்தல?"

"கத்தல. காலைக் குடுன்னு சொன்னேன், குடுத்தா. உள்ள போகும்போது ஒடம்பு ஒரு தடவ நடுங்குச்சு. தும்பிக்கையால என் தோளப் புடிச்சிக்கினா."

நல்ல யானை என்பதைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன். அவர் ஏன் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவிப் பெரிய சத்தமாகிவிட்டது. சிக்னலில் அவள் கால் மாற்றி நின்ற வீடியோ. யானையை இனி ரோட்டில் நடத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. கால் ஆறியதும் மலைப்பக்கம் இருக்கும் யானை முகாமுக்கு அனுப்பவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முதலாளி கையைக் கழுவிக்கொண்டார். டவுனிலிருந்து பெண்கள் வாழைத்தாரோடு வந்தார்கள். பேப்பரில் என் போட்டோ வந்தது, பூங்காவனத்தின் காலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதுபோல. அதை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

செல்வகுமாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். "ரோட்டுல நடக்கறதுதான் நின்னுபோச்சே. அப்புறம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். நானும் அதை யோசித்திருக்கிறேன். முகாமில் அவளை யாருக்குத் தெரியும்? இடிச் சத்தம் கேட்டால் காதோரம் தட்டிக்கொடுக்கவேண்டும். வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தால்தான் மாத்திரை விழுங்குவாள். இதெல்லாம் எந்தப் பேப்பரில் எழுதி அனுப்புவது?

டாக்டர் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். திங்கட்கிழமை சாயங்காலம் நான் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். சில வாரம் புண் ஆறத் தொடங்கியிருக்கும். ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை வளர்ந்து வாய் மூடப் பார்க்கும். அதைப் பார்த்தால் யாரோ வாசலில் வந்து என்னைப் பெயர்சொல்லிக் கூப்பிடுவதுபோல ஒரு பயம் வரும். பிறகு செய்யவேண்டியதைச் செய்வேன். மறுநாள் டாக்டர் தோப்புக்குள் வருவார். பாகனைத் தாண்டி, முதலாளியின் ஆளைத் தாண்டி, நேராக என்னிடம் வந்து, "இன்னா ருக்குமணி, எப்படி இருக்கா உம் பொண்ணு?" என்பார். ஒரு படித்த மனிதர் வந்ததும் முதலில் என்னைக் கேட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான். ஆனால் அது காரணமில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

"உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

உண்மையில், உத்தரவு வந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை அவர் பார்த்துவிட்டார். "இன்னாடி பண்ற?" என்றார். "மருந்து வெக்கறேன்" என்றேன். என் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த அங்குசத்தைப் பார்த்தார். இருபது வருடம் அதை வைத்துக் குத்தியவர் என்னை என்ன கேட்டுவிட முடியும்? அங்குசத்தைத் தென்னைமரத்தில் சாத்திவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. என் கையால் டீகூட வாங்குவதில்லை, முக்குக் கடைக்குப் போய்விடுவார்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டைக் குறைத்தாள். டாக்டர் ஆன்டனி எங்கிருந்தோ எக்ஸ்ரே மிஷின் கொண்டுவரச் செய்து படம் எடுத்தார். உள்ளே மூன்று சில்லு இருந்தது, ஒன்று எலும்பை ஒட்டி. நான் வைத்ததில் சில கீழே விழுந்துவிட்டன, சில உள்ளே போய்விட்டன போலிருக்கிறது. அவர் படத்தை என்னிடம் காட்டி, "ரோட்டுக்கே போகாத காலுக்கு ஜல்லி எப்படி வந்துச்சு ருக்குமணி?" என்றார். அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் சாமிக்கண்ணுவைத்தான் சந்தேகப்பட்டார்கள். இரண்டு நாள் விசாரித்தும் அவர் வாய் திறக்கவில்லை. செய்யாத தப்புக்கு அந்த மனிதர் ஏன் உள்ளே போகவேண்டும்? அதனால்தான் நானே சொல்கிறேன்.

செல்வகுமாரி எழுதி முடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்போது டாக்டர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வேர்வை.

"எலும்புல சீழ் வெச்சிருச்சு. முகாம்லதான் ஆபரேஷன் பண்ண முடியும். மயக்க ஊசி போட்டு ஏத்தவும் முடியாது. விழுந்தா எழுந்துக்காது," என்றார் செல்வகுமாரியிடம். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "காலைலேர்ந்து கரும்பக் காட்டிப் பாக்கறோம். ஏற மாட்டேங்குது. இவ கூப்புட்டா ஏறும். இன்னிக்கு ஏத்தலன்னா இந்த வாரத்தத் தாண்டாது."

செல்வகுமாரி என் பக்கம் குனிந்தார். "கேஸப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். வந்து ஒரு தடவ கூப்புடுங்கம்மா. ஒரே ஒரு தடவ."

எழுந்து வாசலுக்கு வந்தேன். லாரியின் பின்பக்கம் மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் இரும்புப் பலகையைச் சாய்த்திருந்தார்கள். சாமிக்கண்ணு அவளுக்குப் பக்கத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ருக்கு," என்றார். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. "கூப்புடுடி. பொழச்சிப் போவட்டும்."

என்னைக் கண்டதும் பூங்காவனத்தின் காது அசைவது நின்றது. யாரும் கேட்காமலே இடது முன்னங்காலை மடக்கி, என் பக்கமாகத் தூக்கிக் காட்டினாள். கட்டு நனைந்து மஞ்சளாக இருந்தது.

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். செங்குத்தாக இருந்தது. வெயில் பட்டுப் பளபளத்தது. தொட்டால் கொதிக்கும்.

"இல்ல மேடம், நான் கூப்புட மாட்டேன்," என்றேன் மெதுவாக. "இந்தக் காலோட அதுல ஏறச் சொல்ல எனக்கு மனசு வராது. அவளுக்கு வலிக்கும்."