நபீலா காய்ச்சிய தண்ணீர்

நல்ல திட்டம் ஒன்றை எழுதி முடித்த நாளில் எனக்குச் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும். கந்தோரில் கூட வேலை பார்ப்பவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பெயர் மதுரன், ஊர் முன்னேஸ்வரம். சுற்றாடல் இரசாயனங்கள் மனித உடம்பை என்ன செய்கின்றன என்று அரசாங்கம் ஆராய்வதற்குத் திட்டம் வகுப்பதே என் உத்தியோகம். விசாரணையில் நீங்கள் கேட்டபடி எதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஐயா.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் கற்பிட்டிப் பக்கத்து வேப்பங்கண்டல் என்ற ஊரை ஆராய்ச்சிக்குத் தெரிவு செய்தவன் நான்தான். அங்கே நிலம் முழுக்க மணல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிக் கொட்டுகிற உரம் அடுத்த மழைக்கே கிணற்றுக்குள் இறங்கிவிடும். அந்த உரத்தின் உப்பை நைத்திரேற்று என்போம். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்கு அது இரத்தத்தைக் கெடுத்து மூச்சைப் பிடிக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நம்முடைய மண்ணில், நம்முடைய பிள்ளைகளில் நடக்கிறது என்பதற்கு என்னிடம் சான்று இருக்கவில்லை. சான்று இல்லாத பேச்சுக்கு மேலிடம் காது கொடுக்காது. என் முந்திய திட்டங்கள் அப்படித்தான் குப்பைக்குப் போயின.

ஆகவே இம்முறை இரண்டு ஊர்களை எடுத்தேன். ஒன்றுக்குப் பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் அனுப்பினோம். வேப்பங்கண்டலை இருந்தபடியே விட்டோம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஊர் வேண்டுமே.

எனக்கிருந்த ஒரே பயம் அந்த ஊர் கலைந்துவிடும் என்பது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் அவை. யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போகிற கதை வீட்டுக்கு வீடு நடந்தது. பாதிப்பேர் லொறி ஏறினால் என் ஆராய்ச்சி அம்போ. அந்தப் பயத்தில் சரியாகச் சாப்பிடாத நாட்கள் உண்டு.

நபீலாவை அப்போதுதான் அறிந்தேன். கலியாணமாகி நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பெண்பிள்ளை அவளுக்கு. தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுத்தாள். குளிக்க வார்த்ததும் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீர். நாங்கள் கிணற்று நீரைச் சோதனைக்கு எடுக்கப் போன ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அழக்குள்ள ஒதடு நீலமாப் போகுது சேர். எனக்குப் பயமா இரிக்கி. தண்ணில ஏதும் இரிக்கா?”

கணவன் றஊப் பின்னால் நின்றான். பிள்ளையோடு மன்னாருக்கே போய்விடலாம் என்று அவன் சொல்வதாகவும், தனக்கும் அதுவே சரியாகப் படுவதாகவும் சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் கண்டது மெய்யாகவே பேய்தான் என்று எனக்குத் தெரியும். நானும் பயந்தேன், ஐயா. அவர்கள் போய்விடுவார்களே என்றுதான்.

“காய்ச்சிக் குடுங்க தங்கச்சி. நல்லாக் கொதிக்க விடுங்க. ஒண்டும் ஆகாது” என்றேன்.

கிருமிக்குக் கொதி சரி. இந்த உப்புக்குச் சரியில்லை. தண்ணீர் ஆவியாகும்; உப்பு அப்படியே நிற்கும். குழம்பு வற்றினால் உப்புக் கரிப்பது அடுப்படியில் நிற்கிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நபீலா கவனமான தாய். மற்றப் பெண்கள் குமிழி வந்ததும் இறக்கிவிடுவார்கள். அவள் விறகைத் தள்ளித் தள்ளி எரித்தாள். பிள்ளையின் உதடு கறுக்கக் கறுக்க இன்னும் நேரம் எரித்தாள். அடுத்த முறை நான் போனபோது பானையில் பாதித் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. இவ்வளவு நேரம் காய்ச்சினால் போதுமா என்று கேட்டாள். நீங்கள் செய்வதுதான் சரி என்றேன்.

ஊரில் பிரசவம் பார்க்கிற மருத்துவமாது தவமலர் அவளை வேறு தண்ணீர் தேடச் சொல்லியிருக்கிறாள். படித்த சேர் காய்ச்சச் சொன்னார் என்று நபீலா பதில் சொன்னாளாம். ஒருவர் நம்மை இப்படி நம்புவது பெரிய பொறுப்பு. அதை நான் ஒருநாளும் இலேசாக எடுத்ததில்லை.

பிள்ளை மூச்சு அடங்கி மௌத்தானாள். ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தம் புத்தகத்தில் சொன்ன அதே கபில நிறம். என் முதல் சான்று அது. மையத்து வீட்டுக்குப் போனேன்; போகாமலிருப்பது மரியாதையல்ல. நபீலா அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது குரல் போயிருந்தது.

“நான் காச்சினது காணாதா சேர்? இன்னங் கொஞ்சம் காச்சிருக்கணுமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டிவரும். காரணம் சொன்னால் அன்றைக்கே ஊர் அந்தக் கிணற்றை விட்டுவிடும்.

“ஓம், இன்னுங் கொஞ்சம் காய்ச்சியிருக்கணும்” என்றேன்.

அவள் நன்மைக்காகவே சொன்னேன். பிழை எங்கே என்று தெரிந்தால் தாய்க்கு மனம் ஆறும் அல்லவா. தவமலர் உங்களிடம் முறையிட்டது முழுக்க உண்மை. தெரிந்தே சொன்னேன். அந்தப் பிள்ளையைக் கொன்றவன் நான் என்று நீங்கள் எழுதினால் கையொப்பம் வைக்கிறேன்.

நபீலாவுக்கு இப்போது ஓர் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான். இம்முறை பிழை விடக்கூடாது என்று பானையில் கால்வாசி மிஞ்சும்வரை காய்ச்சுகிறாளாம். நீங்கள் அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. திட்டம் முடியச் சில மாதங்கள்தான் இருக்கின்றன, ஐயா. அதுவரை பொறுக்கலாம். ஒரேயொரு பிள்ளையைக் காட்டினால் எந்த அரசாங்கமும் நம்பாது.