பதினாலாம் நம்பருக்கு மணி அடிக்கும்

இல்ல இல்ல, அத மட்டும் தொடாத. மத்தத எது வேணாலும் மாத்திக்கோ. கலர் பிடிக்கலையா, மாத்து. ஸ்கோர் மேல வேணுமா, மேல போடு. ஸ்கிரீன் அடியில அசிங்கமா ஒரு வரி ஓடுதுன்னு ஆளாளுக்கு எழுதறாங்க, எனக்கும் தெரியும். அது அங்கயே இருக்கட்டும்.

ஏன்னா கேக்கற? உக்காரு. டீ எடுத்துக்கோ. இந்த மெஷின் டீ வாயில வைக்க முடியாது, ஆனா சூடா இருக்கும்.

இந்த ஸ்கோர் காட்டற புரோகிராம உங்கிட்ட ஒப்படைக்கறேன்னு சொல்லியாச்சு, அப்ப நீ தெரிஞ்சிக்கறதுதான் நல்லது. எங்க வீட்டுலயும் இனிமே நீ குடுக்கறதுதான் ஓடப்போகுது. இப்ப யார் யாரோ எடுத்து ஓட்டறாங்க, ஆனா இது ஊருக்காக எழுதினது இல்ல. என் தம்பிக்காக எழுதினது. அவன் ஃபுட்பால் ஆடுவான். டிவில காட்டற டீம்லாம் இல்ல. கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரு, ரெண்டாந்தர டீம், பதினாலாம் நம்பர் சட்டை.

கோவிச்சிக்கிட்டுப் போனவன். பந்த உதைக்கறதுதான் பொழப்புன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்காதன்னுட்டாரு அப்பா. அவரு ஒரு பேச்சுக்குச் சொன்னது. இவன் ரோஷக்காரன், சரின்னு பையத் தூக்கிட்டான். அதுக்கப்புறம் ஃபோன் கிடையாது. நான் அனுப்பற மெசேஜையெல்லாம் படிப்பான், பதில் போடமாட்டான்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான், அவன் நல்லாருக்கானா. அத நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? அப்புறம்தான் பாத்தேன், அந்த மாதிரி சின்ன ஆட்டத்தக்கூட ஒரு ஆள் மைதானத்துல உக்காந்து வரி வரியா எழுதி அனுப்பறாரு. கோல், மஞ்ச அட்டை, யாரு உள்ள போறா, யாரு வெளிய வர்றா. படம் கிடையாது, வெறும் எழுத்து. எழுத்து மட்டும் ஓட அந்தக் கறுப்பு ஸ்கிரீன், டெர்மினல், அதுவே போதுமே. ஒரு சனி ஞாயிறுல எழுதி முடிச்சேன். பதினாலுன்னு வந்தா மணி அடிக்கணும், மொதல்ல அவ்வளவுதான். கலரெல்லாம் அப்புறம் வந்தது.

சிரிக்காத. ஹால்ல டிவி பக்கத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல ஓடும். மணி அடிச்சா அம்மா கரண்டியோட வந்து நிப்பாங்க. என்னடி. மஞ்ச அட்டைம்மா. அப்படின்னா? யாரையோ தள்ளி விட்டிருக்கான். ஆங், தெம்பாத்தான் இருக்கான்னு உள்ள போயிடுவாங்க. அப்பா பேப்பர் படிக்கற மாதிரியே இருப்பாரு. மணி அடிச்சா பேப்பர் கொஞ்சம் கீழ எறங்கும். ஒரு தடவ அடிக்காமயே ஆட்டம் முடிஞ்சிடுச்சு. ஏன், உக்கார வச்சிட்டானுங்களான்னு என் மூஞ்சியப் பாக்காமயே கேட்டாரு.

ம், அந்த வரிக்குத்தான் வர்றேன்.

எழுதினப்போ எனக்குத் தெரிஞ்சது நாலஞ்சு சமாச்சாரம்தான். கோல், அட்டை, ஆள் மாத்தறது, இடைவேளை. இதுல சேராதது எது வந்தாலும் தூக்கிப் போட்டுடுன்னு எழுதி வச்சேன். நீயா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்ப. மழை தூறுது, லைட் போச்சு, நாய் உள்ள வந்துடுச்சுன்னு அந்த ஆளு என்னென்னமோ எழுதுவாரு. நமக்கெதுக்கு அதெல்லாம். ஸ்கிரீன் சுத்தமா இருந்தது.

அன்னிக்கு ஆட்டத்துல பதினாலு வரவேயில்ல. ஆடறவங்க பட்டியல்லயும் இல்ல, வெளிய உக்காந்திருக்கறவங்க பட்டியல்லயும் இல்ல. எனக்கு என் புரோகிராம் மேலதான் சந்தேகம். முந்தின நாள்தான் மணி அடிக்கற இடத்துல கை வச்சிருந்தேன், கெடுத்துட்டேன் போலன்னு நெனச்சேன். ஆட்டம் முழுக்கத் தேடறேன், ஒரு தப்பும் இல்ல. மணியே அடிக்கலையேடின்னு அம்மா வந்தாங்க. இதுலதாம்மா ஏதோ கோளாறு, அவன் ஆடிட்டுத்தான் இருக்கான்னேன். சரி, அப்புறம் பாரு, சாப்பாடு ஆறுதுன்னு போயிட்டாங்க. அப்பா மட்டும் எறக்கின பேப்பர மறுபடி தூக்கல.

மறுநாள்தான் ஃபோன் வந்தது. வீட்டு நம்பர்னு எதுவுமே அவன் கிளப்புல குடுத்து வைக்கலையாம். எங்களத் தேடிக் கண்டுபிடிக்க நாளாயிடுச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. பயிற்சியில ஓடிட்டிருந்தவன் அப்படியே விழுந்திருக்கான். இதயம்னாங்க.

பரவால்ல, உக்காரு. நான் அழல பாரு. வரவே மாட்டேங்குது, அதான் என்னன்னு புரியல. எல்லார்கிட்டயும் எனக்கு நேரமில்ல, அதான் கைமாத்தி விடறேன்னு சொல்லிட்டிருக்கேன். நேரமெல்லாம் நெறைய இருக்கு.

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம், அன்னிக்கு வந்ததையெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஸ்கிரீன்ல காட்டாததும் ஒரு ஓரமா சேந்துட்டுத்தான் இருக்கும். மொத வரி, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்தது. பதினாலாம் நம்பர் ஆட்டக்காரருக்காக மைதானத்துல எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கறாங்க. அவ்வளவுதான் அந்த வரி. அது கோலும் இல்ல, அட்டையும் இல்ல. அதனால மணி அடிக்கற இடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே நான் எழுதினது தூக்கிப் போட்டுடுச்சு. எங்களுக்கு ஃபோன் வர்றதுக்கு முன்னாடி, எங்க ஹாலுக்கே வந்துட்டுப் போயிருக்கு.

அதனாலதான் இப்ப எனக்குத் தெரியாதது எது வந்தாலும் அடியில அப்படியே ஓடட்டும்னு விட்டிருக்கேன். நாய் வந்தாலும் ஓடட்டும்.

மணியா? அதையாவது எடுத்துடலாமான்னு கேக்கறியா.

அந்தச் சட்டைய இப்ப வேற ஒரு பையனுக்குக் குடுத்துட்டாங்க. போன வாரம் திடீர்னு அடிச்சது. அம்மா கரண்டியோட வந்து நின்னாங்க. இது நம்ம புள்ள இல்லம்மான்னேன். அது தெரியும்டி, அடி கிடி பட்டிருக்கான்னு பாருன்னாங்க. இல்லம்மா, இப்பத்தான் உள்ள எறக்கி விட்டிருக்காங்கன்னேன். சரின்னு போயிட்டாங்க. அப்பா பேப்பரக் கீழ வச்சிட்டு எழுந்து வந்து ஸ்கிரீன் முன்னாடி நின்னாரு. ஆட்டம் முடியற வரைக்கும் உக்காரவேயில்ல.