காலின்னு சொல்ல ஒரு ஆள்

இல்ல இல்ல, அந்த டப்பாவைக் கார்லயே வெச்சுட்டு வராதீங்க. தோட்டா இல்லாம என்னத்தைச் சுட்டுப் பாப்பீங்க? எங்கிட்ட ஒண்ணுகூடக் கிடையாது. விளம்பரத்துலயே போட்டிருந்தேனே, தோட்டா நீங்கதான் கொண்டாரணும்னு. ஆமா, துப்பாக்கி விக்கிறவ நாலு தோட்டாகூட வெச்சுக்காம இருக்கிறது விசித்திரம்தான். இப்பல்லாம் வீட்டுல வெச்சுக்கிறதில்ல சார். வாங்க, பாத்து வாங்க, அந்தக் கல்லு வழுக்கும்.

கேட் சாவி எங்கிட்டதான் இருக்கு. நவம்பர் பொறந்துட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. கோடையில வந்து பாருங்க, எங்க க்ளப்பு சுடற இந்தக் கல்லுக்குழியில கார் நிறுத்த எடம் இருக்காது. அந்தப் பக்கம் எங்க க்ளப்பு ஆளு ஸ்பினியேக், பியர் பீப்பாயைத் திறந்து வெச்சுட்டு, சுட்டு முடிச்சவங்களுக்கு மட்டும்தான் ஊத்துவேன்னு காவல் காத்துக்கிட்டு நிப்பான். இப்ப நீங்களும் நானும் காக்காயும்தான். சார்னு கூப்பிட வேண்டாமா? சரி. நாற்பத்தஞ்சு இருக்குமா உங்களுக்கு? அப்ப தம்பின்னே சொல்லிடறேன். எனக்கு அம்பத்தெட்டு. யார்மிலான்னு பேரு, போன்லயே சொன்னேன்ல.

அனுமதி அட்டையைக் காட்டுனீங்க, பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. இந்தாங்க, எடுங்க கையில.

கனமா இருக்கா? எல்லாரும் மொதல்ல அதைத்தான் சொல்வாங்க. முழுசும் ஸ்டீலு தம்பி. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை விடக் கூடவே இருக்கும். நீங்க இப்ப வெச்சிருக்கிறது பிளாஸ்டிக் உடம்புதானே? அது இடுப்புல இருக்கிறதே தெரியாது, சுடும்போதுதான் தெரியும். துள்ளும். இது சாயங்காலம் வரைக்கும் இடுப்பை இழுத்துக்கிட்டே இருக்கும், ஆனா சுடும்போது மூக்கைத் தூக்காது. அந்தக் கனம்தான் இதோட குணமே. குறி எங்க இருந்துச்சோ அங்கயே வந்து உக்காந்துக்கும். நீங்க தேட வேண்டியதில்ல.

அதென்ன, கொக்கி வெச்ச தராசா? விசையை இழுக்க எவ்வளவு பலம் வேணும்னு எடை போடப் போறீங்களா? போடுங்க போடுங்க. மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்குறாப்லதான் இருக்கு. சிரிக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுக்காரரும் இப்படி ஒண்ணு வெச்சிருந்தாரு. லுடியேக்னு பேரு. எடை போட்டுப் போட்டு ஒரு அட்டையில எழுதுவாரு. எனக்கு அதெல்லாம் வேண்டாம், விரல் சொல்லும். என்ன காட்டுது? ம், சரிதான். மொத இழுப்பு கனமா, நீளமாத்தான் வரும். போட்டியில பின்னாடி இருக்கிற இந்தச் சுத்தியலை எறக்கி வெச்சுத்தானே ஆரம்பிக்கணும். ரெண்டாவதுல இருந்து தொட்டாப் போதும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் மனுஷனை ஏமாத்துறது. கை பழகணும், அவ்வளவுதான்.

பிடியைப் பாத்தீங்களா? அது கடையில வந்தது இல்ல. வால்நட் மரம், அவரே அறுத்துத் தேச்சது, என் கைக்கு அளவு பாத்து. உங்க கை பெருசு, வேணும்னா மாத்திக்கோங்க, ரெண்டு ஸ்க்ரூதான். பழைய பிடியும் பெட்டிக்குள்ள இருக்கு. மழையில சுட்டா மட்டும் அன்னைக்கே தொடைச்சு எண்ணெய் போடணும், ஸ்டீலு பொறுத்துக்காது. நான் ஒரு நாள்கூட விட்டதில்ல.

சரி, சுடுங்க. காதுல மாட்டிக்கோங்க. அங்க ஆறு இரும்புத் தட்டு நிக்குதுல்ல, இடது ஓரத்துல இருந்து ஆரம்பிங்க.

ஹா! மொத குண்டு மண்ணுக்கு. நான் சொன்னேனா இல்லையா? பரவாயில்ல, நானும் மொத தடவை அதே எடத்துலதான் குழி தோண்டினேன். ஆனா அடுத்த அஞ்சும் விழுந்துச்சே, கவனிச்சீங்களா? அந்தக் கடைசி ரெண்டும் ஒரே சத்தமா கேட்டுச்சு. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. மறைக்காதீங்க தம்பி, பேரம் பேசறவங்க மூஞ்சி இப்படி இருக்கக் கூடாது.

எங்க கிளம்பிட்டீங்க? அதுக்குள்ள பெட்டியில வைக்கிறீங்க? காட்டுங்க. தோட்டா அடைக்கிற மேகசினை உருவி, பின்னாடி இழுத்து, தொறந்து காட்டுங்க. காலின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியணும்ல? ஒலோமோவுட்ஸ்ல உங்க க்ளப்புல இப்படித்தான் விடறாங்களா? சுட்டவன் கண்ணு கணக்குல வராது, இன்னொருத்தர் உள்ள பாத்து வாயால சொல்லணும். ம். காலி. இப்ப வைங்க.

இருங்க, நான் போய்த் தட்டை நிமித்திட்டு வரேன். நீங்க வேண்டாம், அந்தப் பக்கம் சேறு.

என்ன பாக்குறீங்க? ஆமா, ஒரு கையிலதான் தூக்கி நிமித்தினேன். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி தம்பி நான். நானூறு பிள்ளைங்களுக்குச் சாஸ் கிண்டற கை இது. மணிக்கட்டா? ஆமா, போன்ல சொன்னேன், மணிக்கட்டு போச்சு, அதான் விக்கிறேன்னு. அது, சில நாள் வலிக்கும், சில நாள் வலிக்காது. இன்னைக்கு வலிக்கல. என்னமோ போலீஸ் மாதிரி கேக்குறீங்களே.

இன்னொரு தடவை சுடுங்க. இந்தத் தடவை மொத இழுப்பை அவசரப்படுத்தாதீங்க.

ம். ஆறும். அவ்வளவுதான் தம்பி, இனிமே நான் பேச ஒண்ணுமில்ல, அதுவே பேசிடுச்சு. காட்டுங்க. காலி.

யோசிக்கணுமா? என்ன யோசனை? ஸ்லீன்ல இன்னொண்ணு பாக்கப் போறீங்களா, அடுத்த வாரம்? பாக்கலாம், வேண்டாம்னு சொல்லல. ஆனா இதை இன்னைக்கே எடுத்துட்டுப் போங்களேன். வீட்டம்மாகிட்ட கேக்கணுமா. நல்லது, கேக்க வேண்டியதுதான். கேக்குறதுக்கு ஒரு ஆள் இருக்காங்கல்ல. போன் போட்டுக் கேளுங்க, அந்தக் கேட் பக்கம் போனா சிக்னல் கிடைக்கும். விலை உங்களுக்கு என்ன தோணுதோ அதைக் குடுங்க. இல்லாட்டி சுட்டுப் பாத்துட்டு வசந்த காலத்துல குடுங்க. பதிவு பண்றதுக்கு எங்க கையெழுத்துப் போடணுமோ அங்க திங்கக்கிழமை நானே வந்து போடறேன், லீவு சொல்லிட்டேன்.

ஐயோ, குறை எதுவும் இல்ல தம்பி. சல்லிசா குடுத்தா உடனே சந்தேகம். உங்க கண்ணாலயே பாத்தீங்க, ஆறு தட்டும் விழுந்துச்சு. குழலு சுத்தமா இருக்கு, வேணும்னா லைட் அடிச்சுப் பாருங்க. எங்கயும் வெடிப்பு கிடையாது.

க்ளப்புலயே யாருக்காச்சும் விக்கலாம்தான். ஸ்பினியேக் உடனே வாங்கிப்பான். ஆனா ஏன் விக்கிறேன்னு கேப்பான். அவன் கேட்டா ஊரே கேக்கும். நீங்க வெளியூரு, கேட்டாலும் மணிக்கட்டுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். நீங்க என்னடான்னா தட்டு தூக்குறதை எல்லாம் கவனிக்கிறீங்க.

அவரு? மார்ச்சுல போயிட்டாரு. நெஞ்சு. தோட்டத்துல ஆப்பிள் மரத்துக் கிளையைக் கழிச்சுக்கிட்டு இருந்தவரு, காப்பி போடுன்னாரு, நான் போட்டுட்டு வரும்போது இல்ல. பரவாயில்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாரும் சொல்லிட்டாங்க. மொத மாசம் வாசல்ல செருப்பு வைக்க எடமில்ல, அத்தனை பேரு வந்தாங்க. ஸ்பினியேக் அவனே புகை போட்ட சாசேஜ் கொண்டாந்தான். பாவ்லீனா, எங்க பொண்ணு, பிள்சென்ல இருக்கா, ரெண்டு வாரம் கூட இருந்துட்டுப் போனா. அப்புறம் அவங்கவங்க வேலை. தப்பு சொல்ல முடியாது.

லுடியேக்தான் இங்க நடுவரா இருந்தாரு. சுடறவங்க பின்னாடி நின்னு, முடிஞ்சதும் உள்ள பாத்துக் காலின்னு சொல்றவரு. எனக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிட்டுப் பாப்பாரு, வேணும்னே, ஏதோ எலி ஒளிஞ்சிருக்கிறாப்ல. எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டுலயும் அதே கதைதான். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் தோட்டா இல்லாம விசை இழுத்துப் பழகுவேன், அலமாரிக் கதவுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சு. அதுக்கு முன்னாடி அவருகிட்டக் காட்டணும். டிவியில பந்து கோலுக்குப் பக்கத்துல இருந்தாலும் திரும்பிப் பாப்பாரு. பாத்துட்டுக் காலிம்பாரு. சில நாள் காலி, உன் தலை மாதிரிம்பாரு.

அவரு போனப்புறம் மே மாசம் போட்டிக்கு வந்தேன். புது நடுவர், நல்ல பையன்தான். உள்ள பாத்தான், காலின்னான், என் மூஞ்சியை மட்டும் பாக்கல. சாப்பாட்டு நேரத்துல தட்டோட போய் உக்காந்தா, அதுவரைக்கும் கத்திக்கிட்டு இருந்த மேசை அப்படியே அடங்கிடுது. உப்பை நகத்துறாங்க, ரொட்டியை நகத்துறாங்க. யாரும் என்னைக் கிண்டல் பண்ண மாட்டேங்கிறாங்க தம்பி. மொத குண்டை மண்ணுல போட்டேன், ஸ்பினியேக் முன்ன மாதிரி இருந்தா உருளைக்கிழங்கு நட்டுட்டியா யார்மிலான்னு கத்தியிருப்பான். கை தட்டுறான்! அதைத்தான் தாங்க முடியல. அதுக்கப்புறம் வரல.

வீட்டுலதான் இருக்கேன். நானூறு பேருக்கு ஆக்கத் தெரிஞ்சவளுக்கு ஒருத்திக்கு ஆக்கத் தெரியல, அதைச் சொன்னா சிரிப்பீங்க. குலாஷ்னு கறிக்குழம்பு வெச்சா ஒரு வாரத்துக்கு வருது. நீங்க போகும்போது ஒரு பாத்திரம் தரேன், பெட்டியோட சேத்து எடுத்துட்டுப் போங்க. பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும், அது மட்டும் சொல்லிட்டேன்.

மறுபடியும் அடுத்த வாரம்னா எப்படி? தம்பி, நான் கெஞ்சறேன்னே வெச்சுக்கோங்க.

சரி. மணிக்கட்டுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.

கல்லறைத் திருநாள் அன்னைக்கு அவருக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். ஊரே அங்கதான், கல்லறையெல்லாம் வெளிச்சம். வீட்டுக்கு வந்தா இருட்டு. சாயங்காலம் அஞ்சு மணிகூட ஆகல. மாவு உருண்டை கொதிக்கப் போட்டுட்டு, சும்மா உக்காந்திருக்கிறதுக்கு விசை இழுத்தாவது பழகலாமேன்னு இதை எடுத்தேன். தொறந்தேன், அவரு நாற்காலியைப் பாத்துக் காட்டினேன். எப்பவும் காட்டுவேன், பைத்தியம்னு நினைச்சுக்கோங்க. நாற்காலி என்னத்தைச் சொல்லும்? அப்போ தோட்டா டப்பா பக்கத்துலயே இருந்துச்சு. நான் எடுத்து உள்ள போட்டேன் தம்பி. மறதியில இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன். போட்டு மூடிட்டு மேசையில உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பானை பொங்கி அடுப்புல ஊத்துச்சு. சுர்ருன்னு சத்தம். எழுந்து போய் அடுப்பை அணைச்சேன். அவ்வளவுதான். யோசிச்சு எழுந்திரிக்கல, சமையல்காரிக்குப் பால் பொங்கினாலும் தண்ணி பொங்கினாலும் காலு தானா போகும். அடுப்பைத் தொடைச்சேன். தொடைச்சு முடிச்சப்புறம்தான் திரும்பி வந்து தோட்டாவை வெளியில எடுத்தேன்.

தோட்டாவை எல்லாம் மறுநாளே க்ளப் அலமாரியில போட்டுட்டேன். ஆனா தோட்டா விக்கிற கடை பஸ் ஸ்டாப்புக்கு எதுக்கதான் இருக்கு, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். அதான் விளம்பரம். அதான் இன்னைக்கேன்னு சொல்றேன்.

அட, அப்படிப் பாக்காதீங்க. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, போவேன். பாவ்லீனாகிட்டயும் சொல்லணும், சொல்றேன். உங்ககிட்டச் சொல்லிப் பாத்துட்டேன்ல, இனிமே அவகிட்டச் சொல்ல வாய் வரும்.

எடுத்துக்கிறீங்களா? வீட்டம்மாகிட்ட? போற வழியில சொல்லிக்கிறீங்களா. சரி. ரொம்ப சந்தோஷம் தம்பி.

இருங்க, மூடாதீங்க. ஒரு தடவை எங்கிட்டக் குடுங்க. இதோ, மேகசின் வெளியில. பின்னாடி இழுத்துட்டேன். கிட்ட வாங்க, வெளிச்சம் பக்கம் திரும்பறேன். பாருங்க, நல்லா குனிஞ்சு பாருங்க.

தலையாட்டினா ஆகாது. வாயால சொல்லணும்.

ம்.

இன்னொரு தடவை சொல்லுங்களேன்.