கால் பக்கம் ஊசி போடாதே

ஆண்கள் தங்கள் இடுப்பளவை ஒருநாளும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். முப்பத்திரண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். டேப்பைச் சுற்றினால் முப்பத்தாறு காட்டும். நான் ஒன்றும் பேசாமல் முப்பத்தாறுக்கே வெட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்பார்கள். இத்தனை வருடம் தையல் கடை நடத்தி ஆண்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். இதற்குமேல் தெரிந்துகொள்ள ஏதாவது இருப்பதாகவும் தோன்றவில்லை.

கொண்டுவந்த பேண்ட்டை மேசையில் விரித்துப் போடுங்கள், சார். கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள், பரவாயில்லை. ஆமாம், அந்தத் தையல் என்னுடையதுதான். இந்தத் தெருவில் வேறு யாருக்கு இவ்வளவு நேராகப் போக வரும்?

ஆனால் இது என் கணவரின் பேண்ட் இல்லை. சாகும்போது போட்டிருந்தார், அவ்வளவுதான். வாங்கியவன் என் தம்பி. என் கணவரின் மரம் வெட்டும் குழுவில் அவனும் இருந்தான். செயின் ரம்பம் பிடிக்கிறவர்களுக்கென்றே செய்த பேண்ட் இது. வாங்கிய கையோடு இங்கே வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கால் நீளத்தைக் குறைக்கச் சொன்னான்.

"அக்கா, கீழ மட்டும் மடிச்சு அடி. மேல, கால் பக்கம் தப்பித் தவறிக்கூட ஊசி போட்டுடாத."

"ஏன்டா, என் தையல்மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"அய்யோ, அதில்லக்கா. உள்ள நீள நீளமா நூல் அடுக்கி வெச்சிருக்கான். ரம்பம் கால்ல பட்டா மேல்துணி கிழிஞ்சு, அந்த நூலெல்லாம் வெளிய வந்து செயின்ல சுத்திக்கும். ரம்பம் டக்குன்னு நின்னுடும். நீ குறுக்க தையல் போட்டேன்னு வெய்யி, நூல் வெளிய வராது. அப்புறம் இது வெறும் துணிதான்."

அவன் சொன்னபடியே கீழே மட்டும் மடித்து அடித்தேன். அவன் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் எல்லாரும் இங்கே வந்தார்கள். என் கணவர், அவன், குழுவில் இருக்கிற மற்ற இரண்டு பேர். ஒருவரை நெட்டை என்பார்கள், இன்னொருவரை வழுக்கை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் கணவர் அவன் தொடையைத் தட்டிக் காட்டி, "மாப்ள மெத்தையக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்யா. வேலைக்கு வந்தியா, தூங்க வந்தியா?" என்றார். மற்ற இருவருக்கும் டீ புரையேறியது. வழுக்கை எழுந்து, கால்களை அகட்டி, குழந்தை நடப்பதுபோல் இந்தக் கடைக்குள்ளேயே நடந்து காட்டினார். நெட்டை, "பாப்பாவுக்கு ஈரமாயிடுச்சா, பாருங்கய்யா" என்றார். என் தம்பியும் கூடவே சிரித்தான். அவன் வேறென்ன செய்வான், பாவம்.

ஒரு வாரம் தாங்கினான். பிறகு ஒருநாள் பேண்ட்டை மடித்து, "இங்கயே இருக்கட்டும்க்கா, வெயில் காலத்துல ரொம்ப புழுங்குது" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். நான் விட்டுவிட்டேன்.

அந்த மாதமே ரம்பம் எகிறி அவன் தொடையில் இறங்கியது. வண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கணவர் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, "அவன் நேரம் அவ்ளோதான்" என்றார். முட்டாள்தனத்துக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை, சார். கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் ஆள் மிஞ்சாது. மரக்கட்டையோடு குடும்பம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரே அலமாரியிலிருந்து அந்தப் பேண்ட்டை எடுத்து வந்தார்.

"சும்மாதானே கெடக்கு. இடுப்பு மட்டும் கொஞ்சம் விட்டுக் குடு. பாத்து, கால் பக்கம் ஊசி போட்டுடாத. உள்ள நூல் லூசா இருந்தாத்தான் ரம்பம் நிக்கும்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"இது தெரியாதா? ரம்பம் வாங்குனப்பவே கடைக்காரன் சொன்னானே. வருஷக்கணக்காச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். அப்போது எனக்கு வந்தது கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபப்பட எதிரில் ஒரு மனிதன் இருக்க வேண்டும். எனக்கு வந்தது அருவருப்பு. தெரியாமல் சிரித்த ஆள் இல்லை இவர். எல்லாம் தெரிந்தே அவனைச் சிரித்துச் சிரித்து அந்தப் பேண்ட்டைக் கழற்ற வைத்துவிட்டு, இப்போது தன் தொடைக்குப் பத்திரமாக அதையே மாட்டிக்கொள்ள வந்திருக்கிறார்.

இடுப்பை விட்டுக் கொடுத்தேன். அளவு கேட்டதற்கு, வழக்கம்போல் குறைத்துத்தான் சொன்னார். அப்படியே கால் பக்கத்தைத் திருப்பி, உள்பக்கமாக, அதே நிற நூலில், மெத்தைக்குப் போடுவதுபோல் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டேன். கனமான துணி. இரண்டு ஊசி உடைந்தது. வெளியே தெரியாதபடி இழுத்துவிட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவர் கையால் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து என் தையலை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அவருடைய அலட்டலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கண்ணாடிமுன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "சேஃப்டி முக்கியம். நான் சொல்லியும் பையன் கேக்கல" என்றார். என் காதுபடவே சொன்னார். கால் பத்திரமாக இருக்கிற தைரியத்தில் ரம்பத்தைத் தொடைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சுழற்ற ஆரம்பித்தாராம். அப்புறம் நடந்ததை நீங்களே இந்தப் பேண்ட்டில் பார்க்கிறீர்கள். நூல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. என் வேலையில் குறை சொல்ல முடியாது.

கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். சுற்றி வளைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டது இந்த ஒரு பேண்ட்டைப் பற்றி மட்டும்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் போன பிறகு நெட்டைக்கும் வழுக்கைக்கும் உயிர்ப்பயம் வந்துவிட்டது. அவர் போட்டிருந்தது பழசு, அதனால்தான் வேலை செய்யவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, ஆளுக்கொரு புதுப் பேண்ட் வாங்கினார்கள். ஒருவருக்கு நீளம் குறைக்க வேண்டும், இன்னொருவருக்கு இடுப்பைப் பிடிக்க வேண்டும். வேறெங்கே போவார்கள்? இங்கேதான் கொண்டுவந்தார்கள். "அண்ணி, உங்களுக்கும் ஒரு வருமானமா இருக்கும்ல" என்று பரிதாபப்பட்டு வேறு பேசினார்கள். புரையேறச் சிரித்தவர்களின் பரிதாபம். இரண்டையும் நன்றாகவே தைத்துக் கொடுத்தேன். இன்று காலை நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? போன் செய்து பாருங்கள், தாராளமாக. எடுக்க மாட்டார்கள். இப்போதெல்லாம் அவர்கள் ரொம்ப ஜாக்கிரதை. காதையும் இறுக்கமாக மூடிக்கொண்டுதான் ரம்பத்தை முடுக்குகிறார்கள்.